சொல்லாமல் போகும் சந்தா

நமது மஹல்லாக்களில் 'சந்தா' என்ற சொல் புதிதன்று. பள்ளிவாசல் சந்தா, மதரஸா சந்தா, பைத்துல்மால் சந்தா, பத்திரிகைச் சந்தா என்று நம் முன்னோர் காலந்தொட்டே அதை அறிந்து வருகிறோம். மாதம் பிறந்ததும் ஜமாஅத்தின் சார்பில் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து ஸலாம் சொல்வார். வீட்டிலுள்ளோர் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். அவர் பெயரும் தொகையும் தேதியும் எழுதி, ரசீதைக் கிழித்துக் கையில் தருவார். பணம் போவது கண்ணுக்குத் தெரியும். எதற்காகப் போகிறது என்பது மனத்துக்குத் தெரியும்.

இன்று நம் வீடுகளில் வேறொரு வகைச் சந்தாவும் புகுந்துவிட்டது. அதை வசூலிக்க யாரும் வாசலுக்கு வருவதில்லை. கைபேசியில் ஒருமுறை சம்மதம் கொடுத்துவிட்டால் போதும். மாதந்தோறும், அல்லது ஆண்டுதோறும், வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானே போய்க்கொண்டிருக்கும். படம் பார்க்கும் செயலிகள், பாட்டுச் செயலிகள், பிள்ளைகளின் பாடச் செயலிகள், விளையாட்டுகள், புகைப்படங்களைச் சேமிக்கும் இடம், டி.டி.எச். இணைப்பு, உடற்பயிற்சி நிலையம் என்று இதன் பட்டியல் நீளமானது. இவற்றுள் பயன்படுபவையும் உண்டு. பயன்படாமலே பணம் பிடிக்கப்படுபவையும் உண்டு. பின்னதைப் பற்றியே இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போகிறோம்.

இது சில்லறை விஷயந்தானே, இதற்கு மார்க்கத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். சில்லறையாக இருப்பதுதான் இதன் ஆபத்து என்பதைப் போகப் போக அறிவோம்.

வீண்விரயம் எது?

செலவைப் பற்றித் திருமறை பேசும் இடங்களில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று இஸ்ராஃப், மற்றொன்று தப்தீர். ஆகுமான காரியத்திலேயே அளவு மீறிச் செலவிடுவது இஸ்ராஃப் என்றும், தகாத வழியில் செல்வத்தைச் சிதறடிப்பது தப்தீர் என்றும் உலமாக்கள் பிரித்துக் கூறுவர். தப்தீர் செய்வோரை ஷைத்தான்களின் சகோதரர்களாக அல்லாஹுத் தஆலா எண்ணுகிறான் (17:27). அர்ரஹ்மானின் நல்லடியார்களின் இலக்கணத்தைச் சொல்லுமிடத்தில், அவர்கள் வரம்பு மீறவும் மாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்ற கருத்து வருகிறது (25:67).

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதுதான் செல்வத்தைப் பாழாக்குதல். அல்லாஹ் வெறுக்கும் மூன்று காரியங்களில் இதையும் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணியிருப்பதை முகீரா (ரலி) அவர்கள் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். வாங்கி உண்ணாமல் அழுக விடும் பழத்தையும், எரிகிற விளக்கை அணைக்காமல் விட்டுச் செல்வதையும் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். யாரும் திறந்து பார்க்காத செயலிக்கு மாதந்தோறும் பணம் போவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆடம்பரமாகச் செலவழிப்பவனுக்குக் குறைந்தபட்சம் தான் செலவழிக்கிறோம் என்ற நினைவாவது இருக்கிறது. இங்கே அந்த நினைவும் இல்லை. உலகப் பயன் இல்லை; நிய்யத் இல்லாததால் மறுமைக்கும் ஒன்றுமில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்து வந்தார்கள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. வணக்கத்துக்கான தண்ணீரிலேயே அளவு பார்த்தவர்களின் உம்மத்தினர் நாம்.

பணம் எப்படிப் போகிறது?

இதன் வழிகளைத் தெரிந்துகொண்டால்தான் அடைக்க முடியும். முக்கியமானவை ஐந்து.

முதலாவது, இலவசம் என்ற வாசல். ஒரு வாரம் இலவசம், ஒரு மாதம் இலவசம் என்று அழைப்பார்கள். ஆனால் தொடக்கத்திலேயே கார்டு எண்ணையோ யூ.பி.ஐ. சம்மதத்தையோ வாங்கிவிடுவார்கள். இலவச நாள் முடிந்ததும், நாம் மறுக்காவிட்டால், அது பணச் சந்தாவாகிவிடும்.

இரண்டாவது, ஆண்டுச் சந்தா. மாதாமாதம் போகும் பணமாவது என்றேனும் கண்ணில் படும். ஆண்டுக்கொருமுறை போவது அடுத்த ஆண்டு அதே தேதி வரும்போது நினைவில் இருப்பதில்லை.

மூன்றாவது, நீக்கிவிட்டோம் என்ற எண்ணம். கைபேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. செயலி போய்விடும், சந்தா இருக்கும். கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் வாடகை நிற்காது அல்லவா?

நான்காவது, ஒரே பொருளுக்கு இரண்டு முறை கொடுப்பது. கைபேசி ரீசார்ஜுடனேயே சில செயலிகள் சேர்ந்து வருகின்றன. அதை அறியாமல் மகன் தனியாக ஒரு சந்தா கட்டுவான். மருமகள் வேறொரு கைபேசியில் கட்டுவாள். ஒரே கூரையின் கீழ் ஒரே செயலிக்கு மூன்று சந்தா போகும்.

ஐந்தாவது, 28 நாள் கணக்கு. ஆண்டுக்கு 12 மாதம். ஆனால் 28 நாள் ரீசார்ஜ் செய்பவர் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்டுகிறார். 299 ரூபாய் வீதம் கணக்கிட்டால் 3,588 என்று நாம் நினைப்பது உண்மையில் 3,887 ஆகிறது. 30 நாள் செல்லும் ஒரு திட்டத்தையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் ஒரு திட்டத்தையும் ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு டிராய் ஆணையிட்டது. கேட்டு வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு.

ஒரு வீட்டின் கணக்கு

விளங்கிக்கொள்வதற்காக ஒரு நடுத்தரக் குடும்பத்தைக் கற்பனை செய்வோம். குடும்பத் தலைவர் வளைகுடாவில் இருக்கிறார். வீட்டில் தாயாரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவர்கள் கணக்கிலிருந்து போகும் சந்தாக்கள் இவை:

படச் செயலி ஒன்று, மாதம் 199: ஆண்டுக்கு 2,388
படச் செயலி மற்றொன்று, மாதம் 149: ஆண்டுக்கு 1,788
பாட்டுச் செயலி, மாதம் 99: ஆண்டுக்கு 1,188
பிள்ளையின் பாடச் செயலி, மாதம் 399: ஆண்டுக்கு 4,788
புகைப்படச் சேமிப்பு, மாதம் 130: ஆண்டுக்கு 1,560
பழைய சிம் ஒன்றுக்கு 28 நாளுக்கு 199: ஆண்டுக்கு 2,587
டி.டி.எச்., மாதம் 250: ஆண்டுக்கு 3,000

மொத்தம் ரூ. 17,299.

இனி ஒவ்வொன்றாக விசாரிப்போம். (படம், பாட்டு ஆகியவற்றின் மார்க்கச் சட்டம் தனிப் பாடம், இங்கே பணத்தை மட்டும் பார்க்கிறோம்.) இரண்டாவது படச் செயலியைத் திறந்து ஆறு மாதமாகிறது. பாட்டுச் செயலியை யார் சேர்த்தார்கள் என்றே தெரியவில்லை. பாடச் செயலி பத்தாம் வகுப்புக்காக வாங்கியது; பிள்ளை தேர்வெழுதி வேறு பள்ளிக்கும் போய்விட்டான். எல்லோரும் கைபேசியிலேயே பார்ப்பதால் டி.டி.எச். பெட்டியின் மேல் தூசி படிந்திருக்கிறது. இந்த நான்கையும் நிறுத்தினால் ஆண்டுக்கு ரூ. 10,764 மிஞ்சும். மாதத்துக்கு ரூ. 897.

வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய பணம் அது. விடுமுறையில் ஊருக்கு வர டிக்கெட்டுக்குப் பணம் சேரவில்லை என்று அங்கே அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே யாரும் பார்க்காத பெட்டிக்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. இதில் யாரும் கெட்ட எண்ணம் கொண்டவர்களல்லர். யாரும் கணக்கெழுதவில்லை, அவ்வளவுதான்.

எழுதிப் பார்க்கும் முறை

கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய நீண்ட வசனத்தில் (2:282) ஓர் அரிய கருத்து உண்டு. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் அதன் தவணையோடு எழுதி வைப்பதில் சலிப்படையலாகாது என்பதே அது. அந்த வசனம் கடனுக்குரியது. என்றாலும், தொகையையும் தவணையையும் சேர்த்து எழுதும் அந்தப் பழக்கம் சந்தாக் கணக்குக்கும் மிகப் பொருந்தும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வங்கியிலிருந்து கடந்த பன்னிரண்டு மாதக் கணக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் மட்டும் பார்த்தால் ஆண்டுச் சந்தாக்கள் தப்பிவிடும். வீட்டிலுள்ள எல்லாருடைய கணக்கையும் கார்டையும் பாருங்கள். ஒரே தொகை, ஒரே பெயர், மீண்டும் மீண்டும் வருகிறதா என்று கவனியுங்கள். நோட்டில் ஆறு கட்டங்கள் போடுங்கள்: எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து, யார் பயன்படுத்துகிறார், கடைசியாக எப்போது பயன்பட்டது.

ஆறாவது கட்டந்தான் உயிர் நாடி. "எப்போதாவது தேவைப்படும்" என்று சொல்லுவதெல்லாம் பதிலாகாது. இரண்டு மாதமாக யாரும் தொடவில்லையென்றால் நிறுத்துங்கள். தேவை வரும்போது மீண்டும் சேர்ந்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கைக் குடும்பத் தலைவர் தனியே உட்கார்ந்து பார்த்து, பிறகு வீட்டாரைக் கடிந்துகொள்வது முறையன்று. மனைவி தன் கணவனின் இல்லத்துக்குப் பொறுப்பாளி, அப்பொறுப்பைப் பற்றி அவளும் விசாரிக்கப்படுவாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. எனவே தாய்மார்களும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார வேண்டும். மாதத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். விசாரிக்கப்படுமுன் உங்களை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் உபதேசித்ததை இதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.

நிறுத்தும் முறை

ஆண்ட்ராய்டு கைபேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள தம் படத்தைத் தொட்டால், 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற இடம் வரும். அதன் வழியாகச் சேர்ந்த சந்தாக்கள் யாவும் அங்கே வரிசையாக இருக்கும். ஐபோனில் 'செட்டிங்ஸ்' திறந்து, மேலே உள்ள தம் பெயரைத் தொட்டு 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குச் செல்ல வேண்டும். யூ.பி.ஐ. வழியாகச் சம்மதம் கொடுத்திருந்தால், அந்த யூ.பி.ஐ. செயலியிலேயே 'ஆட்டோபே' என்ற பகுதியில் காணலாம். அங்கேயே ரத்துச் செய்யலாம். கார்டில் கொடுத்த சம்மதத்தை அந்த வங்கியின் மூலம் ரத்துச் செய்யலாம். ரத்தான பின் வரும் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். அதுதான் ரசீது.

சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. கார்டு, யூ.பி.ஐ. ஆகியவற்றின் வழியான தொடர் பிடித்தங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் நமக்கு அறிவிப்பு வரவேண்டும். அந்தச் செய்தியை விளம்பரமென்று நினைத்துப் படிக்காமல் தள்ளிவிடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சேருவதை எளிதாக்கி, விலகுவதைச் சிக்கலாக்கும் தந்திரத்தையும் அரசாங்கம் தடுத்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று முறைகளைப் பட்டியலிடுகின்றன. சந்தாப் பொறி அவற்றுள் ஒன்று. ரத்துச் செய்யும் பொத்தானை மறைத்து வைப்பதும், இலவசத்துக்கே பணம் பிடிக்கும் சம்மதத்தைக் கட்டாயமாகக் கேட்பதும் இதில் அடங்கும். இப்படிப்பட்ட தொல்லை நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

பழைய சிம்மை விடும்போது ஓர் எச்சரிக்கை. வங்கி, ஆதார், எரிவாயு ஆகியவற்றில் அந்த எண் பதிவாகியிருந்தால், முதலில் புது எண்ணை மாற்றிப் பதியுங்கள். நாம் விட்ட எண் பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படும். நம் வங்கியின் ரகசியச் செய்தி அவர் கைக்குப் போய்விடக் கூடாது.

நிறுத்துவதிலும் நேர்மை

பணத்தை மிச்சம் பிடிக்கும் அவசரத்தில் அமானத்தைக் கைவிடலாகாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (5:1). மாதம் முழுவதும் பயன்படுத்திவிட்டு, பயன்படுத்தவேயில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்பது பொய். சந்தாவை நிறுத்திவிட்டு, அனுமதியில்லாத இடத்தில் அதே பொருளை எடுப்பதும், ஒப்பந்தம் தடுத்திருக்கும்போது அடுத்த வீட்டாரின் கடவுச்சொல்லை இரவல் வாங்குவதும் மிச்சமாகாது. பிறர் உரிமையில் கைவைப்பதாகும்.

அதுபோலவே, கத்திரியை எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சிலர் கணக்குப் பார்க்க உட்கார்ந்ததும் முதலில் வெட்டுவது மதரஸா சந்தாவையும், ஏழை உறவினருக்கு அனுப்பும் சிறு தொகையையும், வீட்டு வேலை செய்யும் அம்மையாரின் ஊதிய உயர்வையும்தான். உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுக்குமாறு சொன்ன பிறகே, அதே வசனத்தில் வீண்விரயம் தடுக்கப்பட்டிருக்கிறது (17:26). முதலில் உரிமை, பிறகு சிக்கனம்.

வட்டியின் வாசல்

இங்கே ஓர் அபாயத்தைக் குறிப்பிட வேண்டும். பல சந்தாக்கள் கிரெடிட் கார்டில் கட்டப்பட்டிருக்கின்றன. கார்டைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டோம் என்று நினைத்து, மாதக் கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். மறந்துபோன 149 ரூபாய் அதில் ஏறுகிறது. குறித்த தேதிக்குள் கட்டாததால் தாமதக் கட்டணமும் வட்டியும் சேருகின்றன. வட்டியின் வாடையே வேண்டாமென்று வங்கிக் கடனைத் தவிர்த்து, நகையை அடகு வைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வாழும் குடும்பத்தினர், யாரும் கேட்காத பாட்டுக்காக வட்டி கட்டும்படி ஆகிறது. ஆகவே, பட்டியலில் எல்லாவற்றுக்கும் முதலாகப் பார்க்க வேண்டியது கிரெடிட் கார்டுச் சந்தாக்களையே.

மௌத்துக்குப் பின்

மற்றொன்றும் மிக முக்கியமானது. ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவருடைய சந்தாக்கள் தாமாக மௌத்தாவதில்லை. வங்கிக்குச் செய்தி போகும்வரை கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டேயிருக்கும். மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பார். பிள்ளைகள் துக்கத்தில் இருப்பார்கள். அவருடைய கைபேசி அலமாரியில் கிடக்கும்.

அந்தப் பணம் யாருடையது? மௌத்தானவரின் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்ட வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியவை வாரிசுகளுக்குரியவை. வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால், அதில் யத்தீமின் பங்கும் இருக்கிறது. யத்தீமின் செல்வத்தை அநியாயமாக உண்பவர் நெருப்பையே உண்கிறார் என்ற கருத்தில் திருமறை கடுமையாக எச்சரிக்கிறது (4:10). நாம் உண்ணவில்லை என்பது உண்மை. ஆனால் நம் கவனக்குறைவால் அது கரைந்து போக விடலாமா? கபனும் தஃபனும் முடிந்த சில நாட்களுக்குள், பொறுப்புள்ள ஒருவர் இறப்புச் சான்றோடு வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, தொடர் பிடித்தங்களை நிறுத்த வேண்டும்.

இதனாலேயே முன்னர் சொன்ன நோட்டு உயிரோடிருக்கும்போதே எழுதப்பட வேண்டும். தன்னிடமுள்ள அமானிதங்களையும் கடன்களையும் எழுதி வைப்பது முஃமினின் பழக்கம். அந்த ஏட்டிலேயே ஒரு பக்கத்தைச் சந்தாக்களுக்கு ஒதுக்குங்கள்.

மிச்சம் எங்கே போகவேண்டும்?

நிறுத்திய பணத்துக்கு ஓர் இடத்தைக் குறிக்காவிட்டால், அது வேறொரு வழியில் கரைந்துவிடும். நிறுத்திய அன்றே முடிவு செய்யுங்கள். கடன் இருந்தால் முதலில் கடனுக்கு. இல்லையென்றால் பிள்ளையின் படிப்புக்கு, ஹஜ்ஜின் நிய்யத்துக்கு, நோயுற்ற உறவினருக்கு.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்ற ஹதீஸை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. இன்றைய வியாபாரிகள் இந்த இரகசியத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சிறு தொகை, விடாமல் வாங்கு என்பதுதான் அவர்கள் தொழில். சிறு தொகை விடாமல் போனால் ஒரு வீட்டிலிருந்து எவ்வளவு போகும் என்பதை மேலே கணக்கிட்டுப் பார்த்தோம். அதே சிறு தொகை விடாமல் நல்வழியில் போனால் எவ்வளவு சேரும் என்பதையும் அந்தக் கணக்கே சொல்லுகிறது. மாதம் 897 ரூபாயில், ஒரு விதவைத் தாயின் மருந்துச் செலவில் ஒரு பகுதியை ஏற்கலாம். ஒரு யத்தீம் பிள்ளைக்குப் புத்தகமும் நோட்டும் வாங்கித் தரலாம்.

மறுமையில் செல்வத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு: எவ்வழியில் சம்பாதித்தாய், எவ்வழியில் செலவிட்டாய் என்று. இதைத் திர்மிதியில் வரும் ஹதீஸ் அறிவிக்கிறது. முதல் கேள்விக்கு ஹலாலான பதிலைத் தேடி நம்மில் பலர் அரும்பாடு படுகிறோம். இரண்டாவது கேள்விக்கு, "தெரியாது, தானாகப் போய்விட்டது" என்று சொல்லும் நிலை நமக்கு வேண்டாம். இந்த மாதமே ஒரு நோட்டை எடுத்து முதல் வரியை எழுதுவோம்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும், நம் செலவை நல்வழியிலும் ஆக்கி, நம் இல்லங்களில் பரக்கத்தை நிறைப்பானாக! ஆமீன்.